அந்தப் பறவை அபூர்வம்தானா? வன்னிக் குளக்கட்டில் இருந்து ஓர் எளிய விளக்கம்

ஐப்பசி மழை தொடங்கினால் போதும், என் போனுக்கு அந்தப் படம் வந்துவிடும். சப்பாத்துப் பெட்டிக்குள் ஒரு குட்டைவால் பறவை. பச்சை முதுகு, வெளிர்மஞ்சள் வயிறு, வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே துணி கட்டியதுபோல ஒரு கறுப்புப் பட்டை. "விடிய எழும்பிப் பார்த்தா விறாந்தையில கிடக்கு, இது என்ன பறவை?" என்று ஒருவர் கேட்டிருப்பார். கீழே பத்துப் பதினைந்து பேர் வரிசையாக வருவார்கள்: அபூர்வப் பறவை, அழிந்துவரும் பறவை, ஆஸ்திரேலியாப் பறவை, தயவுசெய்து பகிரவும்.

அது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் இந்தியாவின் நடுப்பகுதிக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மாரிகாலத்தைக் கழிக்க ஒவ்வொரு வருடமும் இலங்கைக்கு வருவது. விடியவும் பொழுதுபடவும் கத்துவதால் அந்தப் பெயர். இரவில் பறந்து வந்து களைத்துப்போய், வீட்டு வெளிச்சத்தில் குழம்பிச் சுவரில் மோதி விழுகிறது, அவ்வளவுதான். பெட்டியை இருட்டான இடத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, தெளிந்ததும் பற்றைப் பக்கம் விட்டால் போய்விடும். உங்கள் வளவில் பங்குனி வரை இருந்தாலும் இருக்கும், நீங்கள்தான் காணமாட்டீர்கள். காய்ந்த இலைக்குள் தத்தித் திரியும் ஆள் அது.

"அபூர்வம்" என்ற சொல்லை நாம் மூன்று வேறு விஷயங்களுக்கு ஒன்றாகப் போட்டு அடிக்கிறோம். உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம் என்றால் அபூர்வம். நிறைய இருந்தும் கண்ணில் படாவிட்டால் அதுவும் அபூர்வம். இருக்க வேண்டிய இடத்தை விட்டு வேறெங்கோ வந்து நின்றாலும் அபூர்வம். இந்தக் கட்டுரை மூன்றாவதைப் பற்றி மட்டும். முதலாவது எண்ணிக்கைக் கணக்கு, இரண்டாவது கண்ணின் கோளாறு. மூன்றாவதில்தான் வன்னியில் இருக்கிற நமக்கு ஒரு வேலை இருக்கிறது.

பட்டிக்குள் வேற்றுக் குறி மாடு

மாட்டுப்பட்டி வைத்திருப்பவர்களிடம் கேட்டால் இது உடனே விளங்கும். எந்தப் பட்டி எந்தக் குளத்து அலைகரையில் மேயும், கோடையில் எந்தப் பக்கம் இறங்கும் என்று ஊருக்கே தெரியும். ஒருநாள் மாடுகளைச் சாய்க்கும்போது நடுவில் வேறொரு குறி சுட்ட மாடு நிற்கிறது. மாடு ஒன்றும் அதிசயப் பிறவி அல்ல. அதன் ஊரில் அதே குறியோடு நூறு நிற்கும். ஆனால் இங்கே நிற்பது செய்தி.

பறவைக்கும் இப்படி ஒரு மேய்ச்சல் வட்டம் உண்டு. ஓர் இனம் வழக்கமாக எங்கெங்கே, எந்த மாதங்களில் இருக்கும் என்பதைத்தான் பரவல் எல்லை என்கிறார்கள். "எந்த மாதங்களில்" என்பதை மறந்துவிடக் கூடாது. தை மாதத்தில் வங்காலைப் பக்கம் ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கில் மிதந்தால் யாரும் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. ஆடி மாதத்தில் ஒரே ஒன்று நின்றால் கொப்பியை எடுக்க வேண்டும்.

மாட்டின் முதுகில் ஏறிச் சவாரி போகும் கரிச்சான், எங்கள் பக்கம் இரட்டைவால் குருவி என்போமே, அதை யாராவது அபூர்வம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் இலங்கையில் அது பெரும்பாலும் வடக்கின் வறண்ட பகுதிக்குள்தான் இருக்கிறது. அதே குருவி காலியிலோ மாத்தறையிலோ ஒரு கம்பியில் உட்கார்ந்தால் அங்குள்ள பறவைப் பிரியர்கள் கமராவோடு ஓடிவருவார்கள். இன்னும் கேவலமான உதாரணம் வேண்டுமா? நம் வீட்டு முற்றத்துக் காகம். 1994-இல் நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்து துறைமுகத்தில் நம் ஊர்க் காகங்கள் வந்து இறங்கின, கப்பலில் தொற்றிக்கொண்டு வந்தவை என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். அதைப் பார்க்கவென்றே ஆட்கள் பயணம் செய்து போனார்கள். சோற்றுக்குக் கா கா என்று கூப்பிடுகிற நமக்கு இது கொஞ்சம் வேடிக்கைதான்.

ஆக, அபூர்வம் என்பது பறவையின் உடம்பில் ஒட்டியிருக்கிற குணமல்ல. பறவை, இடம், மாதம், மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகு சொல்லும் ஒரு முடிவு. தன் பரவல் எல்லையை விட்டு வெளியே தனித்து வந்து நிற்கும் பறவையை இனி வழிமாறி என்று சொல்கிறேன்.

எல்லாமே சைபீரியாவில் இருந்து வருவதில்லை

குளிருக்கும் பசிக்கும் தப்பி, பருவத்துக்குப் பருவம் ஓரிடத்தில் இருந்து இன்னோரிடம் போய்த் திரும்பும் பயணம் வலசை. வாடைக்காற்று தொடங்கும் காலத்தில் வடக்கே இருந்து கிளம்பும் பறவைகளுக்கு இலங்கை ஒரு முட்டுச்சந்து. நமக்குத் தெற்கே அண்டார்ட்டிக்கா வரைக்கும் தரை கிடையாது. வருகிறவை எல்லாம் இங்கேயே தங்கியாக வேண்டும். அதிலும் மன்னார்க் கரையும் வங்காலைச் சதுப்பும் வாசற்படி மாதிரி. வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது இதனால்தான். கொக்கிளாய், நந்திக்கடல், சுண்டிக்குளம், ஆனையிறவு எல்லாம் அடுத்தடுத்த அறைகள்.

இங்கே ஒரு கட்டுக்கதையை இறக்கி வைத்துவிட்டுப் போகிறேன். பூநாரை வந்தால் "ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தது" என்று செய்தி போடுகிறார்களே, ஆஸ்திரேலியாவில் இன்று காட்டுப் பூநாரையே கிடையாது. நமக்கு அருகில் அவை பெருங்கூட்டமாகக் கூடு வைக்கும் இடம் குஜராத்தின் கச்சு உப்புப் பாலைவனம். தூரத்தில் இருந்து வருபவை இல்லாமல் இல்லை. மன்னாரில் பிடித்து ஜிபிஎஸ் கருவி பொருத்திவிட்ட ஒரு கடற்காகம் ரஷ்யாவின் வட கோடியில் உள்ள யாமல் தீபகற்பம் வரை போனது பதிவாகியிருக்கிறது. ஆனால் இவை எல்லாம் வழக்கமான விருந்தாளிகள். எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் தாண்டி வந்தாலும், வருடாவருடம் வருகிற ஒன்று வழிமாறி ஆகாது.

பக்கத்தில் இருந்து வந்தாலும் வழிமாறி ஆகலாம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். முதுமலைப் பக்கம் பிணந்தின்னிக் கழுகுகள் இருக்கின்றன, இலங்கையில் குடியிருக்கும் பிணந்தின்னிக் கழுகு இனம் ஒன்றுகூட இல்லை. அவை சிறகடித்துப் போகிறவை அல்ல, வெயிலில் சூடாகி எழும் காற்றில் ஏறி மிதந்து போகிறவை. கடலுக்கு மேல் அந்தச் சூட்டுக் காற்று சரியாகக் கிடைக்காது. அதனால் கரையோடு நின்றுவிடுகின்றன. (சம்பாதிகூட அக்கரையில் இருந்தபடிதானே இலங்கையில் சீதை இருக்கும் இடத்தைச் சொன்னான்.) எப்போதாவது ஒரு மஞ்சள்முகப் பாறு இந்தப் பக்கம் வந்துவிட்டால் அது பெரிய செய்தி. வரித்தலை வாத்தும் அப்படி. திருநெல்வேலிக் கூந்தன்குளத்துக்கு அது ஒவ்வொரு குளிர்காலமும் வரும். இந்த 30 கிலோமீற்றரைத் தாண்டி மன்னாரில் இறங்கினால்தான் நாங்கள் துள்ளுவது.

மாங்குளம் சந்தியில் இறங்க வேண்டியவர்

சரி, ஒரு பறவை எப்படி வழி மாறுகிறது? ஏ-ஒன்பது வீதியில் இரவு பஸ்ஸில் வந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம்.

ஒருவர் கொழும்பில் இருந்து வருகிறார், மாங்குளத்தில் இறங்க வேண்டும். நித்திரையாகிவிட்டார். கண் விழித்தால் பரந்தன். பாதை சரி, திசை சரி, நிறுத்தத்தைத் தவறவிட்டார். பறவைகளிலும் இது உண்டு. தமிழ்நாட்டோடு நிற்க வேண்டியது நல்ல வால்காற்றில் கொஞ்சம் கூடுதலாகப் பறந்து இங்கே வந்துவிடும்.

இன்னொருவர் சரியாக மாங்குளத்தில் இறங்கிவிட்டார். வலப்பக்கம் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு போக வேண்டியவர், அரைத்தூக்கத்தில் இடப்பக்கம் மல்லாவி பஸ்ஸில் ஏறிவிட்டார். தூரம் ஏறத்தாழச் சரி, திசை கண்ணாடியில் பார்த்ததுபோல மாறிவிட்டது. பறவைகளின் பெரிய வழிமாற்றங்கள் சில இந்த வகை. தென்கிழக்கே போக வேண்டிய ஒன்று தென்மேற்கே போகும். சில நேரம் நேர் எதிர்த்திசைக்கே போகும்.

மூன்றாமவர் பாவம், பஸ்ஸே வெள்ளத்தில் வேறு பாதையால் திருப்பிவிடப்பட்டது. அதுதான் புயல். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, வன்னிக்கு மேலாக மன்னார் வளைகுடாப் பக்கம் போனது நினைவிருக்கும். இப்படி ஒரு புயலில் நடுக்கடலிலேயே காலம் கழிக்கும் ஆலாக்களும் கப்பற்பறவைகளும் தரைக்குத் தள்ளப்படலாம். நாம் அந்த நாட்களில் கூரைத் தகடு தேடிக்கொண்டிருப்போம், நியாயம்தான். முடிந்தவர்கள் அடுத்த ஒன்றிரண்டு நாளில் குளக்கட்டையும் களப்பையும் ஒருமுறை பார்த்தால் நல்லது. அந்தப் பறவைகள் நெடுநேரம் நிற்பதில்லை. சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, பலமாக அடிக்கும் மாதங்களிலும் மன்னார்க் கரையில் இதே கதை நடக்கும்.

நான்காமவர் பஸ்ஸே ஏறவில்லை, லொறியில் தொற்றினார். மேலே சொன்ன காகம்.

பஸ் பயணி வழி தெரிந்தவர், தூங்கியதால் கெட்டார். பறவைக்குஞ்சுக்கு வழி யார் சொல்லிக் கொடுத்தது? பல இனங்களில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. தாய் தகப்பன் முன்னாலேயே போய்விடும், குஞ்சு தனியாகக் கிளம்பும். 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவில் கிளம்பி, எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீற்றர் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. அதன் முதல் பயணம் அது. எந்தத் திசையில், ஏறத்தாழ எவ்வளவு காலம் பறக்க வேண்டும் என்பது பிறவியிலேயே வருகிறது. அந்தத் திசையைப் பிடித்துக்கொள்ளச் சூரியன், நட்சத்திரங்கள், பூமியின் காந்தப்புலம் மூன்றும் உதவுகின்றன.

1950-களில் நெதர்லாந்தில் இதை ஒரு பெரிய பரிசோதனையாகவே செய்தார்கள். மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவைகளை, 11,000-க்கும் மேல், ஹேக் நகரப் பக்கம் பிடித்து விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். முன்பு போய்வந்த பெரிய பறவைகள் இடம் மாறியதை உணர்ந்து, வடமேற்கே திரும்பித் தங்கள் பழைய குளிர்கால இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. முதல் தடவை போகும் குஞ்சுகளோ பிறவியில் வந்த தென்மேற்குத் திசையைவிட்டு விலகவில்லை. அதனால் தெற்குப் பிரான்சிலும் ஸ்பெயினிலும் போய் இறங்கின. "வீட்டில் இருந்து நேரே நட, இரண்டு மணித்தியாலத்தில் கடை வரும்" என்று மட்டும் சொல்லி அனுப்பிய பிள்ளையை வேறு வீட்டில் இருந்து புறப்பட வைத்தால் என்ன ஆகும், அதுதான். வழிமாறிகளில் இளம் பறவைகள் அதிகம் அகப்படுவது ஏன் என்பதற்கு இதுவே பெரிய காரணம்.

சுருக்கமாக: கூடுதலாகப் பறப்பது, திசை பிசகுவது, காற்று தள்ளுவது, வாகனம் ஏறுவது. அனுபவமில்லாத பறவை இதில் எளிதாக மாட்டும், பழைய பறவை பெரும்பாலும் திருத்திக்கொள்ளும்.

வழிமாறி போலத் தெரிந்து ஏமாற்றுபவை

உங்களுக்கு வரும் பத்துப் படங்களில் ஒன்பது இந்தப் பகுதிக்குள் அடங்கிவிடும், அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

நீண்ட வெள்ளை வாலோடு காட்டுக்குள் நாடா போல மிதந்து போகும் அரசவால் ஈப்பிடிப்பானைப் பார்த்துவிட்டு "வெள்ளையில் வந்திருக்கு, புது இனம்" என்று ஒருவர் வாதாடினார். இங்கேயே குடியிருக்கும் கிளையினத்தில் ஆண் எப்போதும் செம்பழுப்புதான். வெள்ளை ஆண்கள் இந்தியாவில் இருந்து மாரியில் வருபவை. ஒரே இனம், இரண்டு முகவரி. வருடாவருடம் வருவதால் வழிமாறி அல்ல.

குஞ்சுகள் அடுத்த தலையிடி. வக்காவின் குஞ்சு உடம்பெல்லாம் பழுப்பும் வெள்ளைப் பொட்டுமாக, பெரிய பறவைக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கும். இதில் நானே நன்றாக விழுந்திருக்கிறேன். இரணைமடுக் கட்டில் ஒரு பின்னேரம், முழுக்கப் பழுப்பாக, சிறகடியில் வெளிர்த் திட்டோடு ஒரு பெரிய பறவை வட்டமடித்தது. வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டி, இலங்கைக்கு எப்போதாவது வரும் ஒரு கழுகின் பெயரைத் தேர்ந்தெடுத்து, ஆச்சரியக்குறி எல்லாம் போட்டு அனுப்பினேன். மூன்று நாள் கழித்து மூத்தவர் ஒருவரிடமிருந்து ஒரே வரி: "செம்பருந்துக் குஞ்சு தம்பி, வால்முனை வட்டமா இருக்கு பாருங்கோ." செம்மண் உடம்பும் வெள்ளைத் தலையும் வர அதற்கு இன்னும் காலம் எடுக்கும், அதற்கு முன் அது பழுப்புதான். நான் புத்தகத்தில் தேடியது பறவையை அல்ல, பெரிய பெயரை.

வெள்ளைக் காகம், பாதி வெள்ளையான மைனா போன்றவை நிறமி குறைந்து பிறந்தவை. அவற்றின் இனம் மாறுவதில்லை.

கூண்டில் இருந்து தப்பியவை தனி வகை. லவ் பேர்ட்ஸ் வளர்க்காத ஊர் இப்போது எங்கே இருக்கிறது? மதில்மேல் ஒரு நீலக் கிளி வந்து நின்று, கிட்டப் போனாலும் பறக்காமல், நகம் வளர்ந்து, இறகு முனை தேய்ந்து, காலில் பிளாஸ்டிக் வளையத்தோடு இருந்தால் அது எந்தக் கடலையும் தாண்டி வரவில்லை, பக்கத்து ஒழுங்கையில் இருந்து வந்திருக்கிறது. ஆனால் கவனம்: காலில் வளையம் இருப்பதால் மட்டும் தள்ளிவிடக் கூடாது. ஆய்வாளர்களும் வளையம் போடுவார்கள். எழுத்தோ எண்ணோ தெரிந்தால் அதைத்தான் முதலில் படம் எடுக்க வேண்டும்.

பறவை வரவில்லையா, பார்க்க ஆளில்லையா?

பழைய பறவைப் பரவல் வரைபடங்களில் வன்னிப் பக்கம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்கலாம். அதைப் பார்த்து "இந்த இனம் அங்கே இல்லை" என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. 1983-க்குப் பிறகு 2009 வரை, போர் நடந்த காலத்தில், கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு முல்லைத்தீவுக் காட்டுக்குள்ளோ கொக்கிளாய்க் கரையிலோ யார் நின்றிருப்பார்கள்? நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? பறவைகள் வந்து போய்க்கொண்டுதான் இருந்திருக்கும், மாரிக்கு வாத்துகளுக்கு யாரும் பாஸ் கேட்கவில்லை. எழுதத்தான் ஆளில்லை.

நந்திக்கடல் பக்கம் ஒரு வயதான மீன்பிடிகாரர், இடம்பெயர்வதற்கு முந்திய ஒரு மாரியில் பார்த்த வாத்தைப் பற்றி எனக்குச் சொன்னார். தாராவைவிடப் பெரிதாம், தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புக் கோடாம், இரண்டே இரண்டு நின்றதாம். வரித்தலை வாத்துக்கு அப்படியே பொருந்துகிறது. நான் அவரை நம்புகிறேன். ஆனால் இது பதிவு ஆகாது, வருடம்கூட அவருக்கு நிச்சயமில்லை. கொப்பியில் "கேட்டது" என்ற தலைப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

பதிவு என்பது இதுதான்: எந்தப் பறவை, எங்கே, எப்போது, யார் பார்த்தார், அதை மற்றவர் சரிபார்க்க என்ன சான்று. ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அது கதை. வன்னியில் நமக்கு இருக்கிற குறை அபூர்வப் பறவைகளின் பதிவு மட்டுமல்ல, சாதாரணப் பறவைகளின் பதிவும்தான். ஒரு குளத்தில் வழக்கமாக என்ன நிற்கும் என்று யாரும் எழுதி வைக்காவிட்டால், வழக்கமில்லாதது வந்திருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது? பட்டியின் சொந்தக் குறி தெரியாதவனுக்கு வேற்றுக் குறி எப்படித் தெரியும்.

கண்டால் என்ன செய்வது

வங்காலையில் தை மாதம், சேற்றில் கருவால் மூக்கன்கள் கூட்டமாக நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நீண்ட நேரான அலகு, உயரமான கால். நடுவில் ஒன்று கொஞ்சம் கட்டையாக, அலகு சற்றே மேல்நோக்கி வளைந்தாற்போல் நிற்கிறது. அலாஸ்காவில் இருந்து டாஸ்மேனியா போனதே, அந்தப் பட்டைவால் மூக்கனாக இருக்குமோ? நம் கரையில் அது மிகக் குறைவாகவே தட்டுப்படும்.

முதல் வேலை, நிற்கிற இடத்திலேயே நின்று படம் எடுப்பது. மங்கலாக, சின்னதாக, நடுங்கிப்போய் இருந்தாலும் பரவாயில்லை. நல்ல படத்துக்காகக் கிட்டப் போய்ப் பறவையைக் கிளப்பிவிட்டு, கையில் ஒன்றுமே இல்லாமல் வீடு திரும்பியவர்கள் ஏராளம், நானும் அதில் அடக்கம். பக்கத்தில் தெரிந்த பறவை ஒன்றும் படத்துக்குள் வரட்டும். உயரம் எவ்வளவு என்று பிறகு வாதாடத் தேவையிருக்காது. பைனாகுலரின் கண்ணாடியில் போன் கமராவை ஒட்டிப் பிடித்தும் எடுக்கலாம், பழகப் பழக வரும். கத்தினால் போனில் ஒலிப்பதிவு போடுங்கள். சில இனங்களைப் பிரித்துச் சொல்லக் குரலைவிட நல்ல சான்று கிடையாது.

இரண்டாவது, பெயரைத் தேடுவதற்கு முன்னால் பார்த்ததை எழுதுவது. இதைத்தான் நான் அந்தக் கழுகு விஷயத்தில் செய்யவில்லை. புத்தகத்தையோ போன் செயலியையோ திறந்த நொடியில் மூளை அந்தப் படத்தை எடுத்து, நாம் கண்டதன்மேல் ஒட்டிவிடும். அதற்குப் பிறகு நாம் காணாத புள்ளியெல்லாம் கண்டதாகத் தோன்றும். கால் என்ன நிறம், அலகு எவ்வளவு நீளம், கண்மேல் கோடு உண்டா, பறக்கும்போது சிறகிலும் வாலிலும் என்ன தெரிந்தது, எதைத் தின்றது, எப்படி நடந்தது. தெரியாததற்கு "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள், அது மிகவும் மதிப்புள்ள வரி. நம் மூக்கனில் கேள்வியைத் தீர்ப்பது பறக்கும் நொடிதான். கருவால் மூக்கனின் சிறகில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு ஓடும், வால்நுனி முழுக் கறுப்பு. பட்டைவால் மூக்கனுக்கு அந்த வெள்ளைக் கோடு இல்லை, வாலில் குறுக்குப் பட்டைகள். அலகு வளைவு வெளிச்சத்தில் ஏமாற்றும், சிறகுக் கோடு ஏமாற்றாது.

மூன்றாவது சின்ன விஷயம், ஆனால் பாதிப் பதிவுகள் இதில்தான் செத்துப்போகின்றன. கமராவில் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். போனில் எடுத்த மூலப் படத்தை அழிக்காதீர்கள். எடுத்த இடமும் நேரமும் படக் கோப்புக்குள் ஒளிந்திருக்கும். வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பும்போது அந்த விவரம் உதிர்ந்துவிடும். ஐந்து கைமாறி எனக்கு வரும் படங்களில் "முல்லைத்தீவு" என்று மட்டும் இருக்கும். முல்லைத்தீவில் எங்கே, எந்த வருடம், எடுத்தவர் யார், ஒன்றும் தெரியாது. படம் அருமை, பதிவுக்கு உதவாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரைச் சுற்றி 1892-இல் இருந்து 1930 வரை அபூர்வப் பறவைகள் கொட்டோ கொட்டென்று கொட்டின. செத்த பறவைகளைப் பாடம் பண்ணி விற்கும் ஒருவரின் கடை வழியாகத்தான் அவற்றில் பெரும்பாலானவை வெளியே வந்தன. அவை வெளிநாட்டில் இருந்து தருவிக்கப்பட்டவை என்ற சந்தேகம் வலுத்து, 1962-இல் அந்தப் பதிவுகளை மொத்தமாகத் தள்ளிவிட்டார்கள். அதற்குள் எத்தனையோ புத்தகங்களில் ஏறிவிட்டன. பொய்ப் பதிவு ஒன்று நுழைந்தால் பக்கத்தில் இருக்கும் நல்ல பதிவுக்கும் மரியாதை போய்விடும்.

காலடியைப் பார்த்து

வன்னியில் பறவை பார்ப்பதற்கென்று சில விதிகள் உண்டு, எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இராதவை. பழகிய பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்காதீர்கள். மண்டையோட்டுச் சிவப்புப் பலகை போடாத இடமெல்லாம் மிதிவெடி இல்லாத இடம் என்று அர்த்தமில்லை. சந்தேகம் என்றால் அங்கே மாடு மேய்ப்பவரைக் கேளுங்கள். விடியற்காலையிலும் மைம்மலிலும் குளக்கரையில் யானை நிற்கும். இராணுவ முகாம் வேலிப் பக்கம் நீள லென்ஸைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டாம், எந்த மூக்கனும் அந்த விளக்கத்துக்குப் பெறுமதியில்லை. களைத்து வந்த பறவையைத் துரத்தித் துரத்திப் படம் எடுப்பதும் கொலைக்குச் சமம். கூடு வைத்திருந்தால் இடத்தைப் பொதுவில் போடாதீர்கள்.

அனுப்பிய பிறகு

ஈபேர்ட் என்ற இலவசச் செயலி இருக்கிறது, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் கூடம் 2002-இல் தொடங்கிய தளத்தினுடையது. ஓர் இடத்தில் எத்தனை நிமிடம் நின்றோம், எதை எத்தனை பார்த்தோம் என்று பட்டியல் போடலாம். அந்தப் பகுதிக்கும் மாதத்துக்கும் ஒவ்வாத பெயரைப் போட்டால் உடனே விவரம் கேட்கும். பிறகு அனுபவமுள்ள தொண்டர் ஒருவர் பார்ப்பார். கேள்வி வந்தால் கோபிக்கக் கூடாது, நம்மைப் பொய்யன் என்று யாரும் சொல்லவில்லை. இலங்கைக்குள் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் களப் பறவையியல் குழுவும், 1943 முதல் இருக்கிற சிலோன் பேர்ட் கிளப்பும் இப்படியான தகவல்களைப் பெற்றுச் சரிபார்க்கின்றன.

ஒரு தனிப் பறவை வழிமாறி வந்ததை எழுதி வைத்து யாருக்கு என்ன என்று நினைக்கலாம். பல வழிமாறிகள் அப்படியே செத்துப்போகும், உண்மைதான். எல்லாம் அல்ல. நம் உழவு மெஷினுக்குப் பின்னால் வரிசையாக நடக்கும் உண்ணிக்கொக்கு இருக்கிறதே, அது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவில் இருந்து அட்லாண்டிக்கைத் தாண்டித் தென்னமெரிக்காவின் வடகரையில் முதலில் தென்பட்டது. 1950-களில் புளோரிடாவில் கூடு வைத்தது. இன்று அமெரிக்கக் கண்டம் முழுக்க அதன் வீடு. முதலில் கண்டவர்களுக்கு அது வழிதவறி வந்த ஒரு வெள்ளைக் கொக்கு மட்டுமே. சைபீரியாவில் இருந்து தென்கிழக்கு ஆசியாவுக்குப் போக வேண்டிய ஒருவகை நெட்டைக்காலிக் குருவிகள் சில, இப்போது வருடாவருடம் தெற்குப் பிரான்சுக்குப் போய்வருவதும் அப்படித் தொடங்கியதுதான். பரவல் எல்லை இப்படி மெல்ல நகர்கிறது. எப்போது நகரத் தொடங்கியது என்பதை முதல் சில பதிவுகள்தான் சொல்லும்.

ஐப்பசி வருகிறது. அந்தச் சப்பாத்துப் பெட்டிப் படங்களைத் தாராளமாக அனுப்புங்கள், "ஆறுமணிக்குருவி, அபூர்வம் இல்லை" என்றுதான் பதில் வரும், மனம் நோகாதீர்கள். ஊரையும் தேதியையும் மட்டும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு மாரிக்கும் முதல் குருவி எந்த ஊரில், எந்தத் தேதியில் விழுந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். போன வருடத்து முதல் வரியில் ஒட்டுசுட்டான் என்று இருக்கிறது, தேதிக்கு நேரே கேள்விக்குறி.